ஹட்டன் வட்டாரத்துக் குடும்ப வரலாறு: சில சிந்தனைகள்

ஊர் வரலாறும் குடும்ப வரலாறும் எழுத முற்படுவோர் முதலில் நாடுவன கல்லறை, காணியுறுதி, பிறப்புப் பதிவு ஆகிய சான்றுகளையே. இச்சான்றுகள் எந்த வர்க்கத்தாரின் கையில் இருந்தன என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. ஹட்டன் வட்டாரத்தைப் பொறுத்தவரை அவ்வினாவை நாம் தவிர்த்தல் இயலாது.

ஹட்டன் பெருந்தோட்டப் பொருளாதாரம் தோற்றுவித்த நகரமாகும். ஸ்கொத்லாந்துச் சிற்றூர் ஒன்றின் பெயரே அதற்கு இடப்பட்டது. 1869இல் தோன்றிய இலைநோயினாற் கோப்பிச் செய்கை அழிய, அதனிடத்தைத் தேயிலை பிடித்தது. 1884இல் புகையிரதப் பாதை ஹட்டனை எட்டியதும், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பகுதிகளின் தேயிலை கொழும்புக்குச் செல்லும் வாயிலாக அந்நகர் அமைந்தது.

இப்பகுதிகளில் துரைமார் குடும்பங்களின் வரலாற்றை எழுதுதல் எளிது. டிக்கோயாவில் 1878இல் எழுந்த வோர்லி தேவாலயத்துக் கல்லறைகள் பெயரும் ஆண்டும் தாங்கி நிற்கின்றன. பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயத்தில் சார்ள்ஸ் ஹே கமரனும், அவர்தம் மனைவியும் புகழ்பெற்ற நிழற்படக் கலைஞருமான ஜூலியா மார்கரெட்டும் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தை ஒழித்துக் கூலியுழைப்புக்கு வழிவகுத்த கோல்புறூக்–கமரன் சீர்திருத்தங்களின் கமரனே இவர். அவரே தோட்டச் சொந்தக்காரராகவும் விளங்கினார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

தொழிலாளர் குடும்பங்களின் நிலை வேறு. திருச்சி, சேலம், தஞ்சை, மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த இவர்களை, ‘துண்டு’ எனப்பட்ட கடன்முறை 1921 வரை பிணைத்திருந்தது. தோட்டத்தில் இவர்களது பெயர் நாள்தோறும் பதிந்த ஏடு செக்றோல் ஒன்றே. ஒருநாள் வேலையை மலையகப் பேச்சுவழக்கு ‘பேர்’ என்றே குறிக்கும். குறித்த நிறை கொழுந்து பறிக்காதவளுக்கு ‘அரைப்பேர்’. மனிதரின் பெயர் உழைப்பின் அலகாகச் சுருங்கியதை இச்சொல்வழக்கு புலப்படுத்துகின்றது.

இம்மக்கள் காலப்போக்கில் அரசியற் சக்தியாக வளர்ந்தனர். கோ. நடேசய்யர் 1931இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தொழிலாளர் சம்மேளனம் ஒன்றை அமைத்தார். மீனாட்சியம்மாள் கூட்டங்களிற் பாடிய பாடல்கள் எழுத்தறியாதாரையும் எட்டின. 1936இல் ஹட்டன் தொகுதி நடேசய்யரை அரசாங்க சபைக்கு அனுப்பியது.

இவ்வளர்ச்சிக்கு ஆளும் வர்க்கம் அளித்த விடையே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எனலாம். அதன்படி, இந்நாட்டிற் பிறந்தவரும் தம் தந்தை இங்கு பிறந்தாரென்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தனரென்றோ நிறுவ வேண்டியிருந்தது. தலைமுறை தலைமுறையாக ஆவணம் மறுக்கப்பட்டோரிடமே ஆவணம் கேட்கப்பட்டது. குடும்ப வரலாறு உரிமை பறிக்கும் கருவியாயிற்று. பெருமளவிற் பெண்களின் உழைப்பில் நிலைத்த தொழிலில், தாய்வழி கணக்கில் எடுக்கப்படவேயில்லை.

1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு விண்ணப்பிக்கப்பட்டது. ஏறத்தாழ 1,34,000 பேரே ஏற்கப்பட்டனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. ஒரே லயத்தில் வாழ்ந்த உறவினர் இரு நாட்டினராயினர். எஞ்சிய நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. லயங்களில் வாழும் பல குடும்பங்களுக்குக் காணியுரிமை இன்றும் இல்லை.

ஆகவே, இவ்வட்டாரத்தின் குடும்ப வரலாற்றுக்குப் புதிய சான்றுகளை நாம் தேடவேண்டியுள்ளது. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மக்கள் பாடல்கள் இதற்கு வழிகாட்டுவன. தாலாட்டும் ஒப்பாரியும், முதியோரின் நினைவும், பெட்டிகளிற் பேணப்படும் சந்தாச் சீட்டுகளும் பிரஜாவுரிமை விண்ணப்பப் படிகளும் திரட்டப்படல் வேண்டும். வாய்மொழிச் சான்றுகளும் விமரிசன நோக்குடன் ஆராயப்பட வேண்டியனவே. கங்காணி குடும்பத்தின் கதையும் கொழுந்து பறித்தவளின் கதையும் ஒன்றல்ல. அவற்றைச் சொல்லக்கூடிய தலைமுறை அருகி வருகின்றது. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இப்பணியைத் தாமதமின்றி மேற்கொள்ளுதல் அவசியமாகும்.