கல்லில் எழுதிய ஆய்வேடு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஒளிப்பதிவு தொடங்குவதற்கு முன், முன்வரிசையில் அமர்ந்திருந்த ஓர் அம்மா என்னை அருகே அழைத்தார். “ஏம்மா, என் மகள் நுண்கலையில் முதுநிலைப் பட்டம் படிக்கிறாள். படம் வரைகிற பிள்ளைக்கு ஆய்வேடு எதற்கு? அதை வைத்துக்கொண்டு தேர்வாளர்கள் முன்னால் நின்று வேறு பதில் சொல்ல வேண்டுமாம். ராத்திரியெல்லாம் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறாள்” என்றார்.

நான் தகவல் தொடர்புத் துறையில் டிப்ளோமா மட்டும் படித்தவள். இறுதியாண்டில் ஒரு குறும்படம் எடுத்துக் கொடுத்தேன். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் விரிவுரையாளர் கேட்ட முதல் கேள்வி, “இதை ஏன் எடுத்தாய்?” என்பதுதான். கேமரா, ஒலி, படத்தொகுப்பு எதைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. ஆகவே, அந்த மகளின் பயம் எனக்குப் புரிகிறது. அந்த அம்மாவின் கேள்விக்கு வரலாற்றிலேயே ஒரு பதில் இருக்கிறது. அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

கதவு திறந்த கதை

ஒரு காலத்தில் ஓவியத்தைப் பற்றி எழுதினால் உயர்பட்டம் கிடைக்கும். ஓவியம் தீட்டினால் கிடைக்காது. அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகம் இதை மாற்றியது. 1922ல், பட்ட மேற்படிப்புத் துறைத் தலைவர் கார்ல் சீஷோர் காலத்தில், கவிதை, இசை, ஓவியம் போன்ற படைப்புகளையே ஆய்வேடாக ஏற்றுக்கொள்ளலாம் என்று அது முடிவெடுத்தது. அமெரிக்காவில் இப்படிச் செய்த முதல் பல்கலைக்கழகம் அதுதான் என்பது குறிப்பிடத்தக்கது. அங்கு 1940ல் நுண்கலை முதுநிலைப் பட்டம் முதன்முறையாக வழங்கப்பட்டது. அதைப் பெற்ற மிகச் சிலருள் ஒருவர் எலிசபெத் கேட்லட் என்ற கறுப்பினப் பெண்மணி.

கேட்லட் 1915ல் வாஷிங்டனில் பிறந்தவர். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களின் பேத்தி. முதலில் பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி தொழில்நுட்பக் கழகத்தில் இடம் கேட்டார். திறமை இருந்தும் தோலின் நிறத்தைக் காரணம் காட்டி மறுத்தார்கள். பிறகு ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் 1935ல் பட்டம் பெற்று, சிறிது காலம் ஆசிரியராகப் பணியாற்றிவிட்டு ஐயோவாவுக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே வகுப்பறைக் கதவு திறந்திருந்தது. ஆனால் மாணவர் விடுதிக் கதவு மூடியிருந்தது! கறுப்பின மாணவர்கள் படிக்கலாம். விடுதியில் தங்கக் கூடாது. அதனால் அவர் ஊருக்குள் அறை தேடித் தங்கினார். சில காலம் அவருடன் ஒரே அறையில் இருந்தவர் மார்கரெட் வாக்கர். அவர் தம்முடைய கவிதைத் தொகுப்பையே ஆய்வேடாகக் கொடுத்து 1940ல் பட்டம் பெற்றார். விடுதியில் இடம் கிடைக்காத இரு பெண்கள், ஒருவர் கவிதையாலும் ஒருவர் கல்லாலும் ஆய்வேடு செய்தார்கள்.

“உனக்கு நன்றாகத் தெரிந்தது எது?”

கேட்லட்டின் ஆசிரியர்களில் ஒருவர் கிராண்ட் வுட். ‘அமெரிக்கன் காதிக்’ என்ற உலகப் புகழ்பெற்ற ஓவியத்தை 1930ல் தீட்டியவர். உங்களுக்கு எது மிக நன்றாகத் தெரியுமோ அதையே படைப்பாக்குங்கள் என்பது அவர் மாணவர்களுக்குக் கூறிய அறிவுரை.

கேட்லட்டுக்கு நன்றாகத் தெரிந்தது எது? தம் இனத்துப் பெண்கள். தந்தை இவர் பிறக்கும் முன்பே இறந்துவிட்டார். தாயார் உழைத்து வளர்த்தார். எனவே சுண்ணாம்புக் கல்லில் ஒரு கறுப்பினத் தாயையும் சேயையும் செதுக்கினார். அதோடு எழுத்து வடிவில் ஓர் ஆய்வேட்டையும் சமர்ப்பித்தார். தாம் கறுப்பினத்தவர், அதோடு ஒரு பெண். அதனால் தாய்மை தமக்கு முக்கியமான பொருள் என்று அதில் காரணம் சொன்னார். “ஏன் செய்தாய்?” என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் உண்டா?

அதே 1940ல் சிகாகோவில் நடைபெற்ற அமெரிக்கக் கறுப்பினத்தவர் கண்காட்சியில் அந்தச் சிற்பம் முதல் பரிசை வென்றது.

பட்டத்திற்குப் பின்

ஆய்வேடு முடிந்தால் தலைவலி முடிந்தது என்று பலர் நினைக்கிறோம். கேட்லட்டுக்கு அங்குதான் எல்லாம் தொடங்கியது. 1946ல் மெக்சிகோ சென்றார். அங்கே கறுப்பினப் பெண்களின் உழைப்பையும் போராட்டத்தையும் லினோலியத்தில் செதுக்கி 15 அச்சுப் படங்களாக வெளியிட்டார். 1958 முதல் மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழகத்தில் சிற்பக்கலை கற்பித்தார். 1962ல் மெக்சிகோ குடியுரிமை பெற்றதும், பிறந்த நாடு அவரை விரும்பத்தகாதவர் என்று ஒதுக்கியது. 1971ல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் நடந்த தமது கண்காட்சிக்குச் செல்வதற்கே விசாவுக்குப் போராட வேண்டியிருந்தது. இத்தனைக்கும் நடுவில் தாயும் சேயும் அவருடைய கைகளை விட்டுப் போகவில்லை. முதுமை வரை அதே கருவை மரத்திலும் வெண்கலத்திலும் மீண்டும் மீண்டும் வடித்தார்.

2006ல் ஐயோவா பல்கலைக்கழகம் அவருடைய அச்சுப் படங்களை விலைக்கு வாங்கியது. அந்தப் பணத்தை அவர் அங்கு படிக்கும் மாணவர்களின் உபகாரச் சம்பளத்திற்கே கொடுத்துவிட்டார். 2012ல் தமது 96வது வயதில் காலமானார். 2017ல் அதே பல்கலைக்கழகம் புதிய மாணவர் விடுதி ஒன்றைத் திறந்தது. அதன் பெயர் கேட்லட் விடுதி. ஒரு காலத்தில் அவரை உள்ளே விடாத பல்கலைக்கழகத்தின் விடுதிக்கு இன்று அவர் பெயர்!

பெயர்ப்பலகை பழைய அநீதியை அழித்துவிடாது என்பது உண்மைதான். ஆனால் அவரைப் படுக்க இடமின்றி வெளியே நிறுத்தியவர்களாலும் அவருடைய ஆய்வேட்டை வெளியே நிறுத்த முடியவில்லை. அது அவருக்கு மட்டுமே தெரிந்த உண்மையிலிருந்து பிறந்தது.

அம்மா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். படம் வரைகிற பிள்ளைக்கு ஆய்வேடு எதற்கு? தான் வரைவது எதற்காக என்று தனக்கே தெரிந்துகொள்வதற்கு. தேர்வாளர்கள் கேட்கப்போவதும் அதைத்தான். ஆகவே இன்றிரவு மகள் விழித்திருந்தால், ஒரு கோப்பை மைலோ கலக்கிக் கொடுத்து அருகில் உட்காருங்கள். “இதை ஏன் வரைந்தாய், கண்ணு?” என்று கேளுங்கள். இது சோறு போடுமா என்று கேட்க வேண்டாம். அதை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம். அவள் சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். திக்கித் திணறினால் மறுபடியும் கேளுங்கள்.

எனக்கு அன்று அப்படிக் கேட்க வீட்டில் யாரும் இல்லை. அவளுக்கு நீங்கள் இருக்கிறீர்கள்.