ஹெரால்டு ஏன் பின்னாடி தூக்கிச்சு?

இந்த எபிசோடுக்கான குறிப்புகளை நான் எழுதினது ஓசூர்ல, ஒரு காருக்கு அடியில நாலு மணி நேரம் படுத்துட்டு எழுந்த ராத்திரி. அதனால கொஞ்சம் கிரீஸ் வாசனை அடிக்கும், பொறுத்துக்கோங்க.

கார் என் மாமாவோடது. 1965 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ரெண்டு கதவு. போன ஆடி மாசம் ராயக்கோட்டை ரோட்டுல, தூறல்ல, மாமா ஓட்டிட்டுப் போறார். பக்கத்து சீட்டுல அவர் பேத்தி. ஒரு வளைவுல எதிர்ல மினி லாரி வருது. மாமா பதறி ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டார். அவ்வளவுதான். வண்டியோட பின்பக்கம் எம்பி, ஒரு பக்கமா இழுத்து, ரோட்டை விட்டு இறங்கி ஒரு மண்மேட்டுல நின்னுடுச்சு. யாருக்கும் அடி இல்ல. ஆனா மாமா அன்னிக்கு ராத்திரி சொன்னது: "மாப்ள, இதை எடைக்குப் போட்டுடலாம். நான் இனிமே தொட மாட்டேன்."

முப்பது வருஷமா அவர் வாரா வாரம் துடைச்ச கார் அது. அப்படிச் சொன்னா விட்டுட முடியுமா? என்ன நடந்ததுன்னு தேட ஆரம்பிச்சேன். தேடல் என்னை 1959ல கொண்டுபோய் விட்டுச்சு.

1959 ஏப்ரல்ல இங்கிலாந்துல டிரையம்ப் ஹெரால்டு வந்தது. உடலை வரைஞ்சவர் இத்தாலிக்காரர் ஜொவான்னி மிச்சலோட்டி. பொறியியல் பக்கம் ஹாரி வெப்ஸ்டர். அந்தக் காலத்துல மத்த கம்பெனிகள் சேசிஸும் பாடியும் ஒண்ணா இருக்கிற கட்டுமானத்துக்குப் போயிட்டிருந்தாங்க. ஸ்டாண்டர்டு-டிரையம்ப்புக்கு அது வாய்க்கல. அவங்களுக்குப் பாடி செஞ்சு கொடுத்துட்டிருந்த நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிடுச்சு. அதனால தனி சேசிஸ், அதுமேல துண்டு துண்டா போல்ட் போட்டு மாட்டுற பாடின்னு முடிவு பண்ணாங்க. நெருக்கடியில எடுத்த முடிவுதான், ஆனா பெட்டியில அனுப்பி வேற நாட்டுல பூட்டுறதுக்கு இதைவிட வசதியான கார் கிடையாது.

பின்சக்கரத்துக்கு அவங்க போட்டது ஸ்விங் ஆக்ஸில். சாதாரண பழைய கார்ல ரெண்டு பின்சக்கரத்தையும் ஒரே இரும்புக் குழாய் இணைக்கும், நம்ம ஊர் லாரி மாதிரி. ஹெரால்டுல டிஃபரன்ஷியல் சேசிஸோட இறுக்கமா நிக்கும். அதுல இருந்து ரெண்டு பக்கமும் ரெண்டு கை. ஒவ்வொரு கையும் உள்பக்கம் இருக்கிற ஒரே ஒரு மூட்டுல மட்டும் மேலயும் கீழயும் ஆடும். மேல குறுக்கால ஒரே ஒரு பட்டைக்கட்டு, அதாவது லீஃப் ஸ்பிரிங், ரெண்டு சக்கரத்தையும் தாங்கும். மலிவு, லேசு, மேடு பள்ளத்துல சொகுசு.

வினை வர்றது வளைவுல. ரெண்டு கையையும் பக்கவாட்டுல நீட்டித் தரையில ஊணிக்கிட்டு உட்காருங்க. இப்ப இடுப்பை மேல தூக்குங்க. உள்ளங்கை ரெண்டும் உள்பக்கமா வருதில்ல? அதேதான். பின்பக்கம் எழும்பினா சக்கரம் கீழ மடங்கி உள்ள வரும், டயர் ஓரத்துல நிக்கும், பிடிமானம் போகும். வளைவுல திடீர்னு ஆக்ஸிலரேட்டரை விட்டா பாரம் முன்னாடி சாயும், பின்பக்கம் இன்னும் எழும்பும். மாமா செஞ்சது ஓட்டத் தெரிஞ்ச எல்லாரும் செய்யிற காரியம். இந்த வண்டியில மட்டும் அது தப்பு.

இது டிரையம்ப்போட தனிப் பாவம் இல்ல. ஃபோக்ஸ்வேகன் பீட்டில்ல ஸ்விங் ஆக்ஸில் இருந்தது, மெர்சிடிஸ்ல இருந்தது. அமெரிக்காவுல ஷெவர்லே கார்வேர்ல இருந்தது, அதை வச்சுத்தான் ரால்ஃப் நாடர் 1965ல தன் புகழ்பெற்ற புத்தகத்தோட முதல் அத்தியாயத்தை எழுதினார். (1972ல அமெரிக்க அரசோட ஆய்வு, கார்வேர் அதே காலத்துக் கார்களைவிட மோசம் இல்லன்னு சொன்னது. அதை யாரும் ஞாபகம் வச்சுக்கல.) டிரையம்ப் தன் ஸ்பிட்ஃபயர் கார்ல 1970ல ஒரு அழகான திருத்தம் பண்ணாங்க: பட்டைக்கட்டுல அடிப்பட்டையை மட்டும் டிஃபரன்ஷியலோட இறுக்கிட்டு, மத்ததை ஊஞ்சல் மாதிரி ஆட விட்டாங்க. பத்து வருஷப் பழைய கோடுல ரெண்டு வரி மாத்தி பக் சரி பண்ணின மாதிரி. எனக்குப் பொறாமையா இருந்துச்சு.

சரி, நம்ம கதை. 1948ல மெட்ராஸ்ல ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா ஆரம்பிச்சாங்க. பெருங்களத்தூர் பக்கம் தொழிற்சாலை. முதல்ல வேன்கார்டு, அப்புறம் ஸ்டாண்டர்டு டென், பென்னண்ட், 1961ல இருந்து ஹெரால்டு, 948 சி.சி. எஞ்சினோட. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1950களோட நடுவுக்குள்ள கிளம்பினதுக்கப்புறம் இந்தியாவுல கார்னா அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு, இவ்வளவுதான். அதுல மூணாவது நம்மூர்க்காரன். உலகத்துல வேற எங்கயும் இல்லாத நாலு கதவு ஹெரால்டு மெட்ராஸ்ல வந்தது.

ஆனா பின்சக்கரம் இங்க யாருக்கும் பிடிக்கல. மெக்கானிக்குகள் திட்டினாங்க, ஓனர்கள் பயந்தாங்க. ரெண்டு பேர் போற இங்கிலீஷ் கார்ல நம்ம குடும்பம் ஆறு பேர் ஏறும். 1972ல ஸ்டாண்டர்டு கம்பெனியே தோல்வியை ஒத்துக்கிட்டு, கெசல்னு ஒரு கார் விட்டாங்க. உள்ள அதே ஹெரால்டு, அதே எஞ்சின், ஆனா பின்னாடி லாரி மாதிரி ஒரே குழாய் ஆக்ஸில். உலகம் முழுக்கத் தனித்தனி சஸ்பென்ஷனை நோக்கிப் போகும்போது மெட்ராஸ் பின்னோக்கிப் போச்சுன்னு சிரிக்கலாம். நான் சிரிக்க மாட்டேன். நம்ம ரோட்டுக்கும் நம்ம பட்டறைக்கும் அது சரியான முடிவு. அந்த நிலத்துல இப்ப ஐ.டி. வளாகம் நிக்குது.

கெசல் வாங்க முடியாதவங்க என்ன பண்ணாங்க? அதுதான் எங்க காருக்கு அடியில இருந்தது. மாமாவுக்கு முன்னாடி யாரோ, பின்பக்கம் தொங்குதேன்னு, ஸ்பிரிங்ல ரெண்டு பட்டை கூடுதலா சேர்த்து, வளைவையும் ஏத்தி அடிச்சிருந்தாங்க. நீயத் தப்பு இல்ல. ஆறு பேர் ஏறினா வண்டி நேரா நிக்கும். ஆனா மாமாவும் பேத்தியும் மட்டும் போனா பின்பக்கம் எப்பவுமே தூக்கித்தான் நிக்கும், சக்கரம் ஏற்கெனவே பாதி மடங்கின நிலையில. போதாததுக்கு ஸ்பிரிங் இறுக்கமாகிட்டதால வளைவுல எம்புறதும் அதிகம்.

முதல் நாள் அளந்தப்ப எட்டு டிகிரி காட்டுச்சு, நான் அலறிட்டேன். பட்டறை அண்ணன் சிரிச்சார். "ஜாக்கில இருந்து இறக்கின உடனே அளக்கக் கூடாது தம்பி. நாலடி முன்ன பின்ன தள்ளுங்க, சக்கரம் உட்காரட்டும்." தள்ளினோம். நாலு டிகிரி. அதுவும் மோசம்தான்.

மாமா கெசல் ஆக்ஸில் தேடிப் போடலாம்னார். அதுக்கு சேசிஸை வெட்டி ஒட்டணும். 2021ல மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் வாகன விதிப்படி, ஐம்பது வயசு தாண்டின வண்டியைப் பதிவு பண்ணணும்னா சேசிஸ், பாடி, எஞ்சின் எதுலயும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. பழைய நம்பரையே வச்சுக்கலாம். மாமாவுக்கு அந்த நம்பர் உயிர். வாக்குவாதம் அங்க முடிஞ்சது.

பின்சீட்டைக் கழட்டி ஸ்பிரிங்கை இறக்கினோம். சேர்த்த பட்டைகளுக்காக நீளமான ஸ்டட் போட்டிருந்தாங்க, அதுல ரெண்டு இடத்துல டிஃபரன்ஷியல் உறையிலயே மரை போயிருந்தது. எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. இங்கதான் ஓசூர் கைகொடுத்தது. 1970கள்ல சிப்காட் வந்து, 1980ல அசோக் லேலண்டு வந்து, அதைச் சுத்தி முளைச்ச நூத்துக்கணக்கான சின்னப் பட்டறைகள்ல ஒண்ணு, தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணையும் ஒரே வாக்கியத்துல பேசுற ஒரு டர்னர், ஒரு மத்தியானத்துல உறைக்குள்ள புது மரை போட்டுக் கொடுத்துட்டார்.

மிச்சப் பட்டைகளை கிருஷ்ணகிரி ரோட்டுல லாரிக்குப் பட்டை அடிக்கிற பெரியவர்கிட்ட கொடுத்தோம். கேஸ் வச்சுச் சூடு காட்டி வளைச்சா பட்டையோட விறைப்பு செத்துடும். அவர் சூடே காட்டல. சுத்தியலால அரை இன்ச்சுக்கு ஒரு அடி, ஒவ்வொரு பட்டையா, பழைய வளைவுக்கு இறக்கினார். ரெண்டு மணி நேரம் நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். பாதி ரெக்கார்டிங்ல இருக்கு, காதுக்குப் பாவமேன்னு வெட்டிட்டேன்.

மாட்டி, தள்ளி, ரெண்டு பேரை உட்கார வச்சு அளந்தோம். பூஜ்யத்துக்குக் கீழ ஒரு டிகிரி. சக்கரம் மேல லேசா உள்ள சாய்ஞ்சு நின்னுச்சு, நிக்க வேண்டிய மாதிரி. ஸ்விங் ஆக்ஸில் ஸ்விங் ஆக்ஸில்தான், வளைவுக்கு முன்னாடியே வேகம் குறைக்கணும், உள்ள போய்ட்டா காலை வெடுக்குன்னு எடுக்கக் கூடாது. இதை மாமாகிட்ட மூணு தடவை சொன்னேன். "எனக்கு ஓட்டக் கத்துக்குடுக்கிறியாடா?"ன்னார்.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில அவரே சாவி எடுத்தார். சூளகிரி வரைக்கும் போய் டீ குடிச்சுட்டுத் திரும்பினோம். பேத்தி வரலன்னுட்டா. அடுத்த வாரம் கேட்டுப் பார்க்கணும்.