குப்பைத் தொட்டியில் விழுந்த பச்சை பெல்ட்

உலகக் குத்துச்சண்டை கவுன்சில், சுருக்கமாக டபிள்யூ.பி.சி., தன் சாம்பியன்களுக்குத் தரும் பெல்ட் பச்சை நிறம். நடுவில் தங்க நிறத்தில் பெரிய வட்டத் தகடு, சுற்றிலும் பல நாட்டுக் கொடிகள். இடுப்பில் கட்டினால் பாதி வயிறு மறைந்துவிடும். ஒவ்வொரு சாம்பியனுக்கும் தனியாக ஒன்று செய்து கொடுத்துவிடுவதால், ஒரே பெல்ட் கைமாறிக்கொண்டே போவதில்லை. ஊர்விட்டு ஊர் போவது அதைக் கட்டிக்கொள்ளும் உரிமைதான். ஹெவிவெயிட் பிரிவில் அந்த உரிமை 1978இல் லாஸ் வேகாஸில் தொடங்கி 2024இல் ரியாத் போய்ச் சேர்ந்திருக்கிறது.

1978 பிப்ரவரியில் லியோன் ஸ்பிங்க்ஸ், தொழில்முறையில் தன் எட்டாவது சண்டையிலேயே முகம்மது அலியைத் தோற்கடித்தார். அடுத்து கென் நார்ட்டனோடு மோது என்றது டபிள்யூ.பி.சி. அலியோடு மறுபடி மோதினால்தானே காசு? ஸ்பிங்க்ஸ் அதைத்தான் தேர்ந்தெடுத்தார். கோபித்துக்கொண்ட டபிள்யூ.பி.சி. பட்டத்தைப் பறித்து நார்ட்டனிடம் கொடுத்தது. ஒரே ராஜாவின் ஆட்சி அன்றோடு உடைந்தது. பட்டப் போட்டி எதிலும் வெல்லாமலே சாம்பியனான நார்ட்டன், ஜூன் மாதம் லாஸ் வேகாஸ் சீசர்ஸ் பேலஸில் 15 ரவுண்டு சண்டையில் மயிரிழையில் லாரி ஹோம்ஸிடம் தோற்றார்.

இந்த மனிதர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று பாருங்கள். ஹோம்ஸ் ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு கார் கழுவப் போனவர். ஜோ ஃப்ரேசியர் பிலடெல்பியாவில் ஆடுமாடு வெட்டும் கூடத்தில் கூலி. சோனி லிஸ்டன் குத்துச்சண்டை கற்றது மிசூரி சிறைச்சாலையில். ஜார்ஜ் ஃபோர்மன், வேலையில்லாத ஏழை இளைஞர்களுக்காக அரசு நடத்திய ஜாப் கோர் முகாமில் கையுறை மாட்டியவர். நார்ட்டனோ கல்லூரியில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடிவிட்டு, மரைன் படையில் சேர்ந்த பிறகுதான் குத்துச்சண்டைக்கு வந்தார். ஆறடிக்கு மேல் உயரமும் கை நிறைய பலமும் கொண்ட ஏழைப் பையனுக்கு அன்றைய அமெரிக்காவில் பெரும் பணம் கிடைக்கும் இடம் ரிங்தான். 1965இல் ஜோ நாமத் என்ற ஃபுட்பால் வீரர் 4,27,000 டாலருக்கு ஒப்பந்தம் போட்டபோது நாடே வாயைப் பிளந்தது. அதுவும் பல வருடங்களுக்கான தொகை. 1971 மார்ச்சில் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் அலியும் ஃப்ரேசியரும் ஒரே இரவுக்கு ஆளுக்கு 25 லட்சம் டாலர் வாங்கினார்கள்.

இந்தக் கணக்கு எப்போது தலைகீழானது என்பதை நார்ட்டனின் வீட்டிலேயே பார்க்கலாம். அலியின் தாடையை உடைத்த அந்த மனிதரின் மகன், கென் நார்ட்டன் ஜூனியர், குத்துச்சண்டைக்கு வரவில்லை. என்.எஃப்.எல். என்ற தொழில்முறை அமெரிக்கன் ஃபுட்பால் லீகில் வீரரானார். 1993, 94 ஜனவரிகளில் டாலஸ் அணியோடும், 1995இல் சான் பிரான்சிஸ்கோ அணியோடும், அந்த லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை அடுத்தடுத்து மூன்று முறை வென்றார். அவர் அணி மாற முடிந்ததற்குக் காரணம், ஒப்பந்தம் முடிந்த வீரர் தனக்குப் பிடித்த அணியோடு பேரம் பேசலாம் என்று 1993இல் வந்த விதி. ஃபுட்பால் சம்பளம் கிடுகிடுவென ஏறியது அதற்குப் பிறகு. டச்டவுன் போட்டால் ஜூனியர் கோல் கம்பத்தின் முன் நின்று அப்பாவைப் போலக் குத்துவார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த காட்சி அதுதான்: அமெரிக்க ஹெவிவெயிட்டின் குத்து, மெத்தை சுற்றிய கம்பத்தின் மேல்.

பெல்ட்டுக்குத் திரும்புவோம். ஹோம்ஸுக்குப் பின் சிலர் கைக்கு மாறி, 1986 நவம்பரில் 20 வயது மைக் டைசனிடம் வந்தது. அவரிடமிருந்து பஸ்டர் டக்ளஸ், ஹோலிஃபீல்ட், கடைசியில் 1992 நவம்பரில் ரிடிக் போவே. அடுத்து லெனாக்ஸ் லூயிஸோடு மோத வேண்டும் என்று டபிள்யூ.பி.சி. கட்டளையிட்டது. லண்டனில் பிறந்து கனடாவில் வளர்ந்த லூயிஸ், 1988 சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் போவேயை இரண்டாம் ரவுண்டில் வீழ்த்தியவர். போவே லண்டனுக்கே போனார். செய்தியாளர்கள் பார்க்க, பச்சை பெல்ட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார்! லூயிஸ் சாம்பியனாக அறிவிக்கப்பட்டார். அமெரிக்கா தோற்று இழந்ததல்ல. தானே தூக்கிப் போட்டது. போவே பயந்துவிட்டார் என்று லூயிஸ் தரப்பு சொன்னது. நானும் அந்தக் கட்சிதான்.

நடுவில் மெக்கால், டைசன், ரஹ்மான் என்று சில அமெரிக்கர்கள் மீட்டார்கள், யாரிடமும் தங்கவில்லை. 2004இல் லூயிஸ் ஓய்வு பெற, உக்ரைனின் விட்டாலி கிளிட்ச்கோ பெல்ட்டைக் கட்டினார். சோவியத் யூனியனில் தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு இடமில்லை. அங்கே பதக்கங்களோடு நின்றுபோன பெரிய உடம்புக்காரர்களின் அடுத்த தலைமுறை, 1991க்குப் பிறகு வெளியே வந்தது. கிளிட்ச்கோ சகோதரர்கள் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் போய்த் தொழில் தொடங்கினார்கள்.

2006 ஆகஸ்டில் பெல்ட் மறுபடி ஹசிம் ரஹ்மானிடம் இருந்தது. அமெரிக்காவின் கடைசி அரண் என்று அவரை விளம்பரம் செய்தார்கள். லாஸ் வேகாஸில், கஜகஸ்தானில் பிறந்த ஒலெக் மஸ்காயெவ் 12ஆம் ரவுண்டில் அந்த அரணைத் தகர்த்தார். அன்று நான்கு பெரிய அமைப்புகளின் ஹெவிவெயிட் பட்டங்களும் சோவியத் மண்ணில் பிறந்த நால்வரிடம் இருந்தன. ஷானன் பிரிக்ஸ் ஒரு பட்டத்தைச் சில மாதம் வைத்திருந்தார், 2007 ஜூனில் அதுவும் போனது. பிறகு ஏழரை ஆண்டுகள் ஒரு அமெரிக்கரும் இல்லை.

இன்றைய அமெரிக்கப் பையன்கள் சொகுசில் ஊறிவிட்டார்கள் என்று பழைய ரசிகர்கள் புலம்புவார்கள். அது சரியாக இருந்தால் எல்லா எடையிலும் சரிந்திருக்க வேண்டும். அதே காலத்தில்தான் ஃப்ளாய்ட் மேவெதர் தோற்காமலே ஓய்வு பெற்றார், ஒமாஹாவின் டெரன்ஸ் கிராஃபோர்ட் பிரிவு பிரிவாக வென்றுகொண்டே போனார். 65, 70 கிலோ ஆளை ஃபுட்பால் பயிற்சியாளர் தேடி வருவதில்லை. 110 கிலோ ஆளைப் பள்ளியிலேயே வளைத்துவிடுகிறார். முதல் வரிசைக் கல்லூரி அணி ஒன்று 85 பேருக்குப் படிப்புச் செலவைக் கொடுத்தது. குத்துச்சண்டையோ 1960இல் சார்லி மோர் என்ற விஸ்கான்சின் மாணவர் போட்டியில் அடிபட்டு இறந்ததோடு கல்லூரிகளின் தேசியப் போட்டிப் பட்டியலிலிருந்தே போய்விட்டது. 32 என்.எஃப்.எல். அணிகளில் கிட்டத்தட்ட 1,700 இடங்கள். 2024இல் புதுமுகத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளமே 7,95,000 டாலர். நான்கு ரவுண்டு சண்டைக்கு ஏறும் புதிய ஹெவிவெயிட்டுக்குக் கிடைப்பது சொற்பம். ஓர் அம்மா மகனிடம் எதைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார் என்று யோசிக்கத் தேவையில்லை.

டியோன்டே வைல்டர் கதையும் இதற்குச் சாட்சி. அலபாமாவின் டஸ்கலூசா பையன், ஃபுட்பால், கூடைப்பந்துக் கனவோடு வளர்ந்தவர். முதுகெலும்புக் குறையோடு பிறந்த மகளின் மருத்துவச் செலவுக்காக இருபது வயதில் ஜிம்முக்குள் நுழைந்தார். மூன்றே ஆண்டில், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், அமெரிக்கக் குத்துச்சண்டை அணிக்குக் கிடைத்த ஒரே பதக்கம் அவருடைய வெண்கலம். 2015 ஜனவரியில் பச்சை பெல்ட்டை மீட்டுப் பத்து முறை காத்தார். நுணுக்கம் குறைவு, வலது கை மட்டும் இடி. பத்து வயதிலேயே தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று தோன்றாமல் இல்லை.

2020 பிப்ரவரியில் மான்செஸ்டரின் டைசன் ஃப்யூரி ஏழாம் ரவுண்டில் வைல்டரிடமிருந்து பெல்ட்டைப் பறித்தார். 2024 மே 18 அன்று ரியாத்தில் உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக், ஃப்யூரியை வென்று, எல்லாப் பட்டங்களையும் ஒன்றாகச் சேர்த்தார். இரண்டு பேரும் ஐரோப்பியர், பணம் சவுதியுடையது, ஆட்டத்தில் அமெரிக்காவுக்கு வேலையே இல்லை. இரண்டு வாரம் கழித்து, அதே ரியாத்தில், 38 வயது வைல்டர் பெல்ட் எதுவும் பணயமில்லாத சண்டையில் இறங்கினார். எதிரே பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற சீனர் சாங் சிலெய், வயது 41. ஐந்தாம் ரவுண்டில் வைல்டர் வீழ, சண்டை முடிந்துவிட்டது.