படத்துக்குக் கீழே யார் பெயர்?

எங்க வீட்டு டிரங்குப் பெட்டியில் இரண்டே இரண்டு பழைய படங்கள் இருக்கின்றன. ஒன்று என் சின்ன மாமா. கபடி பனியன், அரைக்கால் சட்டை, கையில் ஜெயித்த ஷீல்டு. இன்னொன்று என் அம்மா. ஏழு மாத வயிறு, கை நிறையக் கண்ணாடி வளையல். பின்னால் ஆளுயர நிலைக்கண்ணாடி, அதில் பூ வைத்துத் தைத்த சடை தெரிகிறது. அந்த வயிற்றுக்குள் இருந்தது நான்தான். இரண்டு படமும் பூந்தமல்லியில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தவை. கரையான்சாவடியிலிருந்து நடந்தே போய் எடுத்துக்கொண்டு வந்தார்களாம்.

இதில் என்ன வரலாறு இருக்கிறது என்று கேட்கலாம். வளைகாப்புக்கும் கோப்பை வாங்கியதற்கும் எல்லா வீட்டிலும்தான் படம் எடுத்து மாட்டுகிறார்கள். ஆனால் கேமரா நம்ம ஜனங்களிடம் எப்படி வந்தது, யாருக்காக வந்தது என்று திரும்பிப் பார்த்தால் இந்தப் படங்கள் சாதாரணமானவை அல்ல என்பது புரியும்.

நம்மை முதலில் படம் பிடித்தவர்கள் நம்மைக் கேட்டுப் பிடிக்கவில்லை. 1868 முதல் 1875 வரை ‘இந்திய மக்கள்’ என்ற பெயரில் எட்டுத் தொகுதிகளை ஆங்கிலேய அரசு கொண்டுவந்தது. சாதிவாரியாக, இனக்குழுவாரியாக மனிதர்களின் படங்கள். 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி அப்போது எலும்பும் தோலுமாக இருந்தவர்களைக் கூட்டமாக உட்காரவைத்தும் நிற்கவைத்தும் படம் எடுத்தார். எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தார். ரங்காச்சாரியோடு சேர்ந்து 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அந்தப் படங்களுக்குக் கீழே பெரும்பாலும் சாதிப் பெயர்தான் இருக்கிறது. ஆள் பெயர் இல்லை.

அளக்கப்பட்டவனுக்குப் பெயர் வேண்டியதில்லை என்பதுதான் அந்த விஞ்ஞானம்.

இதற்கு நேர் எதிராக ஒரு மனிதர் அமெரிக்காவில் இருந்தார். அடிமையாகப் பிறந்து தப்பிவந்த பிரெடரிக் டக்ளஸ். 19ஆம் நூற்றாண்டில் அதிகம் படம் எடுத்துக்கொண்ட அமெரிக்கர் அவர்தான் என்கிறார்கள். 160 அளவுக்குப் படங்கள் கிடைத்திருக்கின்றன. நல்ல கோட்டுப் போட்டு, சிரிக்காமல், கேமராவை நேராகப் பார்த்து உட்கார்ந்தார். கறுப்பரைக் கோமாளியாக வரைந்த காலத்தில் தன் முகத்தைத் தானே முன்வைப்பது ஒரு போராட்டம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நம்ம பக்கத்தில் அப்படி ஒரு விளையாட்டுக்காரன் படம் உண்டா? உண்டு. பல்வங்கர் பாலூ. தோல் தொழில் செய்பவர்கள் என்று ஒதுக்கப்பட்ட சாதி. புனேயில் வெள்ளைக்காரர் கிளப்பில் மைதான வேலைக்காரராக இருந்தார். வலைப்பயிற்சியில் துரைகளுக்குப் பந்து போட்டுப் போட்டே பெரிய பந்துவீச்சாளர் ஆனார். இந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்டது, ஆனால் தேநீர் மட்டும் வெளியே, தனி மண் குவளையில். 1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்துக்குப் போன அணியில் 114 விக்கெட் எடுத்தார். அந்தக் குழுப் படத்தில் அவர் இருக்கிறார். குவளையைத் தனியாக வைத்தவர்களால் படத்தில் அவரைத் தனியாக வைக்க முடியவில்லை. இந்து அணிக்குத் தலைவராகும் பதவி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. 1923இல் அவர் தம்பி விட்டலுக்குத்தான் கிடைத்தது.

பாலூ கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மாமாதான் ஞாபகத்துக்கு வருவார். அவர் படித்த பள்ளியில் கபடி அணி ஜெயித்தபோது குழுப் படம் எடுத்தார்கள். அதிகப் புள்ளி எடுத்தவர் மாமா. அவரை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். படம் கழுவி வந்தபோது அவருடைய பாதித் தோள்தான் விழுந்திருந்தது. “பரவால்லடா, தோளாவது இருக்கே”ன்னு ஒருத்தர் சிரிச்சாராம். அடுத்த வருஷம் எங்க தெருப் பசங்களே ஒரு அணி கட்டி ஷீல்டு வாங்கினார்கள். மாமா கூலிக் காசில் ஸ்டூடியோவுக்குப் போனார். “இந்தக் கோட்டப் போட்டுக்க தம்பி, நல்லாருக்கும்” என்றாராம் ஸ்டூடியோக்காரர். “வேணாங்க, நான் பனியனோடவே நிக்கறேன்” என்று நின்ற படம்தான் பெட்டியில் இருப்பது.

அம்மாவின் படத்துக்கு வீட்டில் சண்டையே நடந்தது. “வவுத்தோட படம் புடிச்சா கண்ணு பட்டுடும்டி” என்று ஆயா தடுத்தாள். அம்மா கேட்கவில்லை. அப்பா கூடவே போனார். ஆனால் அவர் திரைக்கு வெளியேதான் நின்றார், படத்தில் இல்லை. பிள்ளை அப்பாவுக்கும்தான் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

ஆயா ஏழு பிள்ளை பெற்றவள். செங்கல் சூளையில் வலி எடுக்கும் வரைக்கும் கல் சுமந்தவள். அவளுடைய ஒரு வயிற்றுக்கும் படம் கிடையாது. அவள் முகம் முதன்முதலில் விழுந்தது வாக்காளர் அடையாள அட்டையில். 1993இல் தேர்தல் ஆணையம் புகைப்பட அட்டைக்கு உத்தரவு போட்டதற்குப் பிறகு. ஆயா செத்ததும் அந்தத் தபால்தலை அளவு முகத்தைத்தான் பெரிதாக்கி மாலை போட்டோம். மறுபடியும் அரசாங்கம் தன் கணக்குக்காக எடுத்த படம்தான்.

நம் உடம்பு எப்போதும் வேறொருத்தர் கணக்கில்தான் இருந்தது. கூலிக் கணக்கு, பஞ்சக் கணக்கு, மூக்களவுக் கணக்கு. ஜெயித்த பையனும் பிள்ளைத்தாய்ச்சியும் படத்துக்கு நிற்கும்போது அந்த உடம்பு அவர்கள் கணக்குக்கு வருகிறது. இதனால்தான் இந்த இரண்டு படங்களையும் வரலாறு என்கிறேன்.

அங்கேயும் நம்ம நிறத்தை விட்டுவைக்கவில்லை. பவுடர் அப்பினார்கள், நெகட்டிவில் பென்சில் வைத்து முகத்தைத் திருத்தினார்கள். கோடாக் நிறுவனம் வண்ணம் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் பல வருஷம் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான் இருந்தது. கறுப்புத் தோல் சரியாக விழாததற்குத் தோலையே குற்றம் சொன்னார்கள்.

இன்றைக்குக் கரையான்சாவடியில் மெட்ரோத் தூண்களுக்குக் கீழே ஃப்ளெக்ஸில் நம்ம பசங்க கோப்பையோடு நிற்கிறார்கள். வளைகாப்புக்கு முன்னால் புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து ‘மெட்டர்னிட்டி ஷூட்’ எடுக்கிறார்கள். ஆடம்பரம் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். நான் சுளிக்க மாட்டேன். ஆனால் அந்தப் படத்திலும் செயலியை வைத்து நிறத்தை வெளுக்கும்போது பழைய பவுடர் டப்பாதான் ஞாபகம் வருகிறது.

பழைய தமிழ் ஸ்டூடியோப் படங்களைப் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தினர் எண்ணிமப் பிரதிகளாகச் சேகரித்திருக்கிறார்கள். நல்ல வேலை. ஆனால் நம்ம டிரங்குப் பெட்டியை நாம்தான் திறக்க வேண்டும். எங்க ஊர் பேர்லயே கரையான் இருக்குது, அது காத்துக்கொண்டிருக்காது.

போன மாதம் அம்மாவை உட்காரவைத்து இரண்டு படத்தின் பின்பக்கமும் எழுதினோம். பெயர், தெரு, வருஷம். மாமா பெயரை அம்மா தன் கையால் எழுதினாள். தன் பெயரை எழுதும்போது கேட்டாள்: “எனக்குக் கீழ உன் பேரையும் எழுதட்டா? நீயும் உள்ளதானே இருக்கே.”

எழுதச் சொன்னேன்.