பழந்தானுந்துகளின் மின்கம்பிக் கற்றை மறுவமைப்பு

பழந்தானுந்துகளின் மின்கம்பிக் கற்றை மறுவமைப்பு என்பது, பல பத்தாண்டுகளுக்கு முன் உருவாக்கப்பட்ட தானுந்து ஒன்றின் பொறியறையில் சிதைந்தும் சிக்குண்டும் கிடக்கும் மின்கம்பிகளை ஒழுங்குபடுத்துதல் அல்லது அவற்றை முற்றிலும் அகற்றிப் புதியன பொருத்துதல் ஆகும். தொழிற்கூடங்களில் இப்பணி 'வயரிங் மாற்றுதல்' என்றே அழைக்கப்படுகிறது. பொறியறையின் தோற்றத்தை மேம்படுத்தும் வேலையாக இது பலராலும் கருதப்பட்டாலும், தீவிபத்தைத் தவிர்ப்பதும் மின்னழுத்த இழப்பைக் குறைப்பதுமே இதன் முதன்மையான பயன்கள் ஆகும். இக்கட்டுரை இந்தியாவில், குறிப்பாகச் சென்னையில், காணப்படும் பழந்தானுந்துகளை முன்வைத்து இதனை விளக்குகிறது.

சென்னையும் பழந்தானுந்துகளும்

சென்னையின் தானுந்துத் தொழில் வரலாற்றில் கிண்டிக்கும் அதனை அடுத்துள்ள பெருந்தெற்கு நெடுஞ்சாலைக்கும் இடம் உண்டு. கிண்டி தொழிற்பேட்டை 1958 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. கிண்டியின் கத்திப்பாராச் சந்திப்பில் தொடங்கித் தெற்கு நோக்கிச் செல்லும் இச்சாலையில், வண்டலூரை ஒட்டி, ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தின் தொழிற்சாலை இயங்கியது. பிரித்தானியாவின் டிரயம்ப் ஹெரால்ட் தானுந்து 1961 முதல் 'ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்' என்ற பெயரில் இங்கு உருவாக்கப்பட்டது. இதற்கும் முன்னர், 1948 இல் நிறுவப்பட்ட அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 தானுந்துகளைப் பூட்டி விற்றது. அந்நிறுவனமே பின்னர் அசோக் லேலண்ட் ஆயிற்று. அதன் தலைமையகம் கிண்டியில் உள்ளது.

இவற்றுடன், மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை அடிப்படையாகக் கொண்ட இந்துஸ்தான் அம்பாசிடரும், ஃபியட் 1100 வழிவந்த பிரீமியர் பத்மினியும் சென்னையில் ஆர்வலர்களிடம் இன்றும் மிகுதியாக உள்ளன. அம்பாசிடரின் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றது. மேற்கூறியவற்றுள் பிரித்தானிய வழிவந்த தானுந்துகளின் மின்னமைப்பு பெரும்பாலும் லூக்காஸ் நிறுவனத்தின் முறையைத் தழுவியது. அதன் கூட்டு நிறுவனமாக லூக்காஸ்-டிவிஎஸ் 1961 இல் சென்னையில் நிறுவப்பட்டு, பாடியில் இயங்கி வருகிறது.

ஆங்கிலேயத் தானுந்து ஆர்வலர்கள் லூக்காஸை 'இருளின் இளவரசர்' என்று கேலி செய்வதுண்டு. இக்கேலி ஓரளவே நியாயமானது. முதலில் வரையப்பட்ட மின்சுற்று எளிமையானது, எளிதில் புரிந்துகொள்ளத்தக்கது. நாற்பது ஐம்பது ஆண்டுகளில் பல கைகள் அதன்மேல் சேர்த்தவையே பெரும்பாலான தொல்லைகளுக்குக் காரணம் ஆகும்.

மூல மின்சுற்றும் நிற ஒழுங்கும்

லூக்காஸ் முறையில் கம்பியின் நிறமே அதன் பணியைச் சொல்லும். பழுப்பு நிறம் மின்கலவடுக்கிலிருந்து நேராக வரும் முதன்மைக் கம்பியைக் குறிக்கும். வெள்ளை நிறம், சாவியைத் திருப்பிய பின்னரே மின்சாரம் பெறும் கம்பி. வெள்ளை உருகியைக் கடந்த பின் பச்சையாகிறது. திசைகாட்டி விளக்குகள், தடை விளக்கு, துடைப்பான் ஆகியவை பச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. எப்பொழுதும் மின்சாரம் உள்ள, உருகியால் காக்கப்பட்ட கம்பி ஊதா நிறம் பெறும். நீலம் முகப்பு விளக்குகளுக்கும், சிவப்பு பக்க, பின் விளக்குகளுக்கும், கறுப்பு தரையிணைப்புக்கும் உரியன. முதன்மை நிறத்தின்மேல் ஓடும் மெல்லிய இரண்டாம் நிறக்கோடு கிளையைக் காட்டும். எடுத்துக்காட்டாக, பச்சையில் சிவப்புக்கோடு இடப்புறத் திசைகாட்டியையும், பச்சையில் வெள்ளைக்கோடு வலப்புறத் திசைகாட்டியையும் குறிக்கும்.

இம்முறையின் பெரிய குறை உருகிகளின் எண்ணிக்கையாகும். அக்காலத்துப் பல தானுந்துகளில் இரண்டே உருகிகள் இருந்தன. ஒன்று ஊதாக் கம்பிகளையும் மற்றொன்று பச்சைக் கம்பிகளையும் காத்தன. பழுப்பு, வெள்ளை, நீலம், சிவப்பு ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் எவ்விதக் காப்பும் இல்லை. அதாவது, மிகுதியான மின்னோட்டத்தைச் சுமக்கும் கம்பிகளே காப்பற்றவை. 12 வோல்ட் ஈய-அமில மின்கலவடுக்கு, குறுக்குச்சுற்று ஏற்பட்டால் பல நூறு ஆம்பியர் மின்னோட்டத்தைத் தரவல்லது. உருகி இல்லாத மெல்லிய கம்பி ஒன்று வண்டியின் உடலைத் தொட்டால், சில நொடிகளில் அதன் காப்புறை உருகி, கற்றையில் அருகிலுள்ள கம்பிகளையும் உருக்கிவிடும். பெட்ரோல் குழாயும் கார்புரேட்டரும் அதே அறையில் இருப்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

சிதைவுக்கான காரணங்கள்

பழைய கற்றைகளில் ரப்பர் காப்பின்மேல் பருத்தி நூல் பின்னப்பட்டிருந்தது. பின்னர் பிவிசி காப்பு வழக்கிற்கு வந்தது. ரப்பர் காலப்போக்கில் பொடிந்து உதிரும். பிவிசி, பொறியின் வெப்பத்தில் அதன் நெகிழ்வூட்டிகளை இழந்து விறைத்து வெடிக்கும். எலி கடித்தல் மற்றொரு பொதுவான காரணம். நெடுநாள் ஓடாமல் நிற்கும் வண்டியின் பொறியறை அவற்றுக்கு நல்ல இருப்பிடமாகிவிடுகிறது.

சென்னையின் கடற்காற்றும் ஈரப்பதமும் இணைப்பிகளை அரிக்கின்றன. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டபோது சைதாப்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், கிண்டி தொழிற்பேட்டைப் பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. நகரெங்கும் ஏராளமான வண்டிகள் நீரில் மூழ்கின. இவ்வாறு மூழ்கிய வண்டியின் கம்பிகள் வெளியே உலர்ந்தாலும் உள்ளே உலர்வதில்லை. தானுந்துக் கம்பி பல மெல்லிய செப்பிழைகளால் ஆனது. இழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளில் நீர் நுண்புழை ஏற்றத்தால் காப்புறைக்குள் வெகுதூரம் ஊர்ந்து செல்லும். மாதங்கள் கழித்துக் கம்பியைச் சீவிப் பார்க்கும்போது செம்புக்குப் பதிலாகக் கறுத்த இழைகளும் பச்சைப் பொடியும் காணப்படும். அத்தகைய கம்பியின் முனையை மட்டும் வெட்டிப் புது இணைப்பி பொருத்துவது பயன் தராது. முழுக் கம்பியையும் மாற்றுவதே தீர்வு.

எனினும் மனிதக் கைகளே முதல் எதிரி எனலாம். குளிரூட்டி, பாட்டுப்பெட்டி, கூடுதல் ஒலிப்பான், திருட்டு எச்சரிக்கை ஆகியவற்றுக்காகக் கிடைத்த நிறத்தில் கம்பி இழுத்து, முறுக்கி, நாடா சுற்றுவது நெடுங்கால வழக்கமாக இருந்து வந்துள்ளது. பத்துக் கம்பிகளும் ஒரே சிவப்பில் ஓடும் வண்டியில் பழுது கண்டறிவது மிகக் கடினம்.

ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் இரண்டு தனிச்சிக்கல்கள் உண்டு. அதன் முன்மூடி சக்கர மேற்காப்புகளுடனும் முகப்பு விளக்குகளுடனும் ஒரே கூடாக முன்னோக்கித் திறக்கும். ஆகவே விளக்குகளுக்குச் செல்லும் கம்பிகள் ஒவ்வொரு திறப்பிலும் வளைகின்றன. அவற்றுக்குப் போதிய தளர்வு விடாவிட்டால் இழைகள் ஒவ்வொன்றாக அறும். மேலும், அதன் உடல் தனிச் சட்டகத்தின்மேல் துண்டு துண்டாகத் திருகாணிகளால் பூட்டப்பட்டது. வண்ணப்பூச்சும் துருவும் சேர்ந்து அத்திருகாணிகளின் வழியான தரையிணைப்பை நம்பத்தகாததாக்குகின்றன. புது வண்ணம் பூசியதும் விளக்குகள் மங்குவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

மின்னழுத்த இழப்பு

செம்பின் தடைமை சதுர மில்லிமீட்டருக்கு, மீட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 0.0172 ஓம் ஆகும். எனவே 2 சதுர மில்லிமீட்டர் குறுக்களவும் 5 மீட்டர் நீளமும் கொண்ட கம்பியின் தடை 0.043 ஓம். 45 வாட் குமிழ்கள் இரண்டும் எரிய 7.5 ஆம்பியர் போதும். 60 வாட் ஆலசன் குமிழ்கள் இரண்டிற்கு 10 ஆம்பியர் தேவை, கம்பியில் 0.43 வோல்ட் இழக்கப்படும். இது பொறுத்துக்கொள்ளத்தக்கதே. ஆனால் வழியில் அரிப்பேறிய இணைப்பி ஒன்று 0.1 ஓம் தடை தந்தால், அதில் மட்டும் மேலும் 1 வோல்ட் இழக்கப்படுவதுடன், அவ்விடத்தில் 10 வாட் வெப்பமும் உண்டாகும். விரல்நுனி அளவான இணைப்பியின் காப்பை உருக்க அது போதுமானது. குமிழின் ஒளி மின்னழுத்தத்தைவிட மிக விரைவாகக் குறையும். 12 வோல்ட் 10.8 ஆகக் குறைந்தால் ஒளியில் ஏறத்தாழ 30 விழுக்காடு போய்விடும். கூடுதல் வாட் குமிழ் மாட்டி இதனை ஈடுசெய்ய முயல்வது நிலைமையை மோசமாக்கும்.

இதற்கு ரிலே ஏற்ற தீர்வாகும். பழைய ஆளிக்கு ரிலேயின் சுருளை இயக்கும் சிறு மின்னோட்டத்தை மட்டும் விட்டுவிட்டு, விளக்குக்கான மின்னோட்டம் மின்கலவடுக்கிலிருந்து உருகி வழியாகக் குறுகிய பாதையில் கொண்டுசெல்லப்படுகிறது. வழக்கமான ரிலேயில் 30 எனக் குறிக்கப்பட்ட முனை உள்வரும் மின்சாரத்திற்கும், 87 விளக்கிற்கும், 85, 86 ஆகியவை சுருளுக்கும் உரியவை.

செய்முறை

முதலில் மின்கலவடுக்கின் இணைப்பு துண்டிக்கப்படுகிறது. பின்னர் ஒவ்வொரு கம்பிக்கும் சீட்டு கட்டி, ஒளிப்படம் எடுத்து, உள்ளபடியே ஒரு சுற்றுப்படம் வரையப்படும். தொழிற்சாலைச் சுற்றுப்படத்துடன் அதனை ஒப்பிட்டால் பின்னர் சேர்க்கப்பட்டவை தெரியவரும். பொறுமையின்மையால் பலர் தவிர்த்துவிடும் படிநிலை இதுவே.

பழைய கற்றை வெட்டப்படாமல் முழுதாகக் கழற்றப்பட்டு, ஒட்டுப்பலகை ஒன்றின்மேல் விரிக்கப்படும். கிளைகள் பிரியும் இடங்களில் ஆணிகள் அடித்து, அவ்வழியே புதிய கம்பிகள் இழுக்கப்படும். கம்பியின் தடிப்பு சுமைக்கேற்பத் தெரிவு செய்யப்பட வேண்டும். பிரித்தானிய அளவுமுறையில் 14 இழைக் கம்பி 1 சதுர மில்லிமீட்டரும், 28 இழைக் கம்பி 2 சதுர மில்லிமீட்டரும் ஆகும். இழை ஒவ்வொன்றும் 0.30 மில்லிமீட்டர் விட்டமுடையது. இவை முறையே 8.75, 17.5 ஆம்பியர் தாங்கும். உருகி கம்பியைக் காப்பதற்கானது என்பதால், அதன் அளவு கம்பி தாங்கும் அளவைவிடக் குறைவாக இருத்தல் வேண்டும்.

முனைகளை உரிய கருவியால் நெரித்துப் பொருத்துவது, ஈயப்பற்று வைப்பதைவிடப் பொறியறைக்கு ஏற்றது. பற்று ஏறிய இடத்தில் கம்பி விறைத்து, அதிர்வில் அதன் ஓரத்தில் முறிகிறது. கற்றையைச் சுற்றப் பசையற்ற நாடா பயன்படுத்தப்படும். வீட்டு மின்வேலைக்கான நாடாவின் பசை சென்னை வெயிலில் உருகி வழியும். தகட்டுத் துளைகளில் ரப்பர் வளையம் இன்றியமையாதது. மின்கலவடுக்கின் அருகில் ஒரு முதன்மை உருகி சேர்ப்பது, மூலத்தில் இல்லாவிடினும், மிகவும் பரிந்துரைக்கத்தக்கது. துவக்கியின் தடித்த வடம் மட்டும் இதற்கு விலக்கு.

டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் பொருத்துவோர் அம்மீட்டரை மறந்துவிடக்கூடாது. லூக்காஸ் சி40 டைனமோ 22 ஆம்பியர் தரும். அந்த அளவிற்கென அமைந்த அம்மீட்டர் வழியே இருமடங்கு மின்னோட்டம் பாய்ந்தால், கருவிப்பலகையின் பின்புறம் சூடேறும். 1960களின் நடுப்பகுதி வரை பல பிரித்தானியத் தானுந்துகளில் நேர்முனையே தரையிணைக்கப்பட்டிருந்தது. ஆல்டர்னேட்டர் பொருத்தும் முன் இதனைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும்.

வேலை முடிந்ததும் மின்கலவடுக்கை நேரடியாக இணைப்பதில்லை. அதன் ஒரு முனைக்கும் வடத்திற்கும் இடையே 21 வாட் குமிழ் ஒன்று தொடராக வைக்கப்படும். எல்லா ஆளிகளும் அணைந்திருக்கும்போது குமிழ் முழு ஒளியுடன் எரிந்தால் எங்கோ குறுக்குச்சுற்று உள்ளது. குமிழ் மின்னோட்டத்தை 2 ஆம்பியருக்குள் கட்டுப்படுத்துவதால் புதிய கற்றைக்குத் தீங்கு நேராது.

மூலத்தன்மையும் சட்டமும்

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தம், முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, வணிகப் பயன்பாடற்ற இருசக்கர, நான்குசக்கர வண்டிகளைப் பழம்பெரும் ஊர்திகளாகப் பதிய வகைசெய்தது. இவற்றின் பதிவெண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் இடம்பெறும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டுகளுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். வண்டி மூலவடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும் என்றும், சட்டகம், உடற்கூடு, பொறி ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது என்றும் விதி கூறுகிறது. இதனால் நிற ஒழுங்கு மாறாத, ரிலேகளும் கூடுதல் உருகிகளும் கண்ணிற் படாத இடத்தில் அமைந்த கற்றையையே ஆர்வலர்கள் விரும்புகின்றனர். பழைய உருகிப்பெட்டியையும் டைனமோவின் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் அவற்றின் இடத்திலேயே வைத்து, புதிய பகுதிகளை அவற்றின் பின்னோ கருவிப்பலகைக்கு அடியிலோ அமைப்பது வழக்கம்.