மூக்கு கனத்த ஈட்டி

இன்றைக்குப் போட்டிகளில் எறியப்படும் ஈட்டி, அதிக தூரம் போகக் கூடாது என்று யோசித்தே செய்யப்பட்டது. கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் மேலக்கோட்டையூரில் இருக்கும் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் மைதானமானாலும் சரி, மாமல்லபுரம் பக்கத்துப் பள்ளிக்கூடத் திடலானாலும் சரி, செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு பையன் விதிப்படியான ஈட்டியைத் தூக்குகிறான் என்றால், 1986இல் அமலுக்கு வந்த ஒரு முடிவைத்தான் தோளுக்கு மேலே தூக்குகிறான்.

ஆரம்பத்தில் ஈட்டி வெறும் மரம். பண்டைய கிரேக்கர்கள் அதில் தோல் வாரைச் சுற்றி, வாரில் விரலை மாட்டி எறிந்தார்கள். நவீன ஒலிம்பிக்கில் ஈட்டி எறிதல் நுழைந்தது 1908இல், லண்டனில். ஜெயித்தவர் சுவீடனின் எரிக் லெம்மிங். 1912இல் அவர் எறிந்த 62.32 மீட்டர்தான் ஆண்கள் உலக சாதனைப் பட்டியலின் முதல் வரி. அதற்கப்புறம் ரொம்ப காலம் பின்லாந்துக்காரர்களின் ராஜ்ஜியம்.

ஈட்டி என்ற பொருளையே கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தவர்கள் அமெரிக்காவின் ஹெல்ட் சகோதரர்கள். தம்பட்டம் இல்லாத ஒரு யோசனைதான் அவர்களுடையது. எடை அதேதான், ஆனால் உடல் பருத்திருக்கட்டும். உள்ளே குடைந்து விட்டால் எடை கூடாது. பருத்த உடலைக் காற்று கீழேயிருந்து தாங்கும், ஈட்டி இன்னும் கொஞ்ச நேரம் மேலேயே இருக்கும். அப்படிச் செய்த ஈட்டியோடு 1953இல் பட் ஹெல்ட் 80.41 மீட்டர் எறிந்தார். எண்பதைத் தாண்டிய முதல் ஆள். பிறகு விதி எழுதுகிறவர்கள் ஈட்டியின் பருமனுக்கும் வரம்பு கட்டினார்கள். வரம்புக்கு உள்ளேயே அலுமினியமும் எஃகும் புகுந்து விளையாடின. 1964இல் நார்வேயின் டெர்யே பெடர்சன் 91.72. 1983இல் அமெரிக்காவின் டாம் பெட்ரனாஃப் 99.72.

1984 ஜூலை 20. கிழக்கு பெர்லின். கிழக்கு ஜெர்மனியின் உவே ஹோன் எறிந்தது 104.80 மீட்டரில் போய் விழுந்தது. 400 மீட்டர் ஓடுதளத்தின் நேர்ப்பகுதியே 84.39 மீட்டர்தான். அப்படியானால் அந்த ஈட்டி மைதானத்தின் மறுமுனை வளைவுக்குள் போயிருக்கிறது. அங்கே உயரம் தாண்டுகிறவர்கள் இருப்பார்கள், வளைவைச் சுற்றி ஓடுகிறவர்கள் இருப்பார்கள். சில நாட்களில் தொடங்கிய லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கை அவருடைய நாடு புறக்கணித்ததால் ஹோன் அங்கே போகவே இல்லை என்பது தனி சோகம்.

ஹோன் ஒருவருக்குப் பயந்துதான் ஈட்டியை மாற்றினார்கள் என்று பலரும் கதையை இங்கேயே முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. நடுவர்களுக்கு வேறொரு தலைவலியும் இருந்தது. முனை முதலில் தரையைத் தொட்டால்தான் எறிவு செல்லும். காற்றில் மிதந்து வந்த அந்தக் கால ஈட்டிகளோ தட்டையாகப் படுத்து இறங்கின. முனை பட்டதா, வால் பட்டதா என்று போட்டிக்குப் போட்டி தகராறு.

இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்து. ஈட்டியை விரலில் வைத்துப் பார்த்தால் ஓரிடத்தில் சமனாக நிற்குமே, அந்த இடத்தை 1986இல் 4 சென்டிமீட்டர் முன்னால் தள்ளினார்கள். எடை அதே 800 கிராம். நீளம் அதே 2.60 முதல் 2.70 மீட்டர். காற்று ஈட்டியைத் தாங்குகிற இடம் பின்னால் நிற்க, கனம் முன்னால் வந்ததால் மூக்கு தானாகக் கவிழ்ந்தது. சீக்கிரமே இறங்கியது, நிலத்தில் குத்தி நின்றது. பழைய சாதனைகளை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் புதுக் கணக்கு திறந்தார்கள். அதே 1986இல் மேற்கு ஜெர்மனியின் கிளவுஸ் டாஃபெல்மையர் எறிந்த 85.74தான் அதன் முதல் வரி. ஹோனின் தூரத்தைவிட 19 மீட்டர் குறைவு.

இதனால் காற்றின் கணக்கும் தலைகீழானது. மாமல்லபுரம், கோவளம் பக்கம் கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே வரும். பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து. வடக்கைப் பார்த்து எறிகிறவருக்கு அது முதுகில், தெற்கைப் பார்த்து எறிகிறவருக்கு முகத்தில். பழைய ஈட்டிக்காரன் முகத்துக் காற்றைத்தான் விரும்பியிருப்பான். மிதக்கிற ஈட்டிக்கு அது ஏணி. மூக்கு கனத்த ஈட்டிக்கு முதுகுக் காற்றே தோது. நூறு மீட்டர் ஓட்டத்துக்கும் நீளம் தாண்டுதலுக்கும் காற்றை அளந்து, வரம்பு மீறினால் சாதனையைத் தள்ளுபடி செய்வார்கள். ஈட்டிக்கு அந்த வரம்பே கிடையாது. கரையோரத்தில் பயிற்சி எடுக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

விதி வந்தால் ஓட்டையும் வரும். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஹங்கேரியின் மிக்லோஷ் நெமெத், பிறகு ஈட்டி தயாரிப்பில் இறங்கினார். வால் பகுதியைச் சொரசொரப்பாக்கிக் காற்றை ஏமாற்றும் ஈட்டி அவருடையது. அந்த வகை ஈட்டியால் 1991இல் பின்லாந்தின் செப்போ ரேட்டி 96.96 வரை போய்விட்டார். அதே ஆண்டு அதற்குத் தடை. அதில் படைத்த சாதனைகளும் அழிக்கப்பட்டன. செக் நாட்டின் யான் ஜெலெஸ்னி 1996இல் யேனா நகரில் எறிந்த 98.48 மீட்டர், வழுவழுப்பான ஈட்டியில் வந்தது. இன்றும் அதுவே உலக சாதனை. பெண்களின் 600 கிராம் ஈட்டிக்கும் 1999இல் மூக்கைக் கனமாக்கினார்கள். அதனால் கிழக்கு ஜெர்மனியின் பெட்ரா ஃபெல்கே 1988இல் எறிந்த சரியாக 80.00 மீட்டர் பழைய கணக்கிலேயே தங்கிவிட்டது.

இந்தியாவின் நீரஜ் சோப்ராவின் போட்டி வாழ்க்கையை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். 2016இல் போலந்தில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் 86.48. 2018இல் காமன்வெல்த் தங்கம், ஆசிய விளையாட்டுத் தங்கம். அந்த ஆண்டில் அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் யார் தெரியுமா? அதே உவே ஹோன். 2019இல் முழங்கையில் அறுவை சிகிச்சை. 2021 ஆகஸ்ட் 7 அன்று டோக்கியோவில் 87.58, ஒலிம்பிக் தங்கம். 2022இல் ஸ்டாக்ஹோமில் 89.94. தொண்ணூறுக்கு ஆறு சென்டிமீட்டர் பாக்கி! 2023இல் புடாபெஸ்டில் உலக சாம்பியன். 2024 பாரிஸில் 89.45 எறிந்தும் வெள்ளிதான். பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 எறிந்துவிட்டார். அந்தத் தொண்ணூறு கடைசியில் 2025 மே 16 அன்று தோஹாவில் விழுந்தது, 90.23. அப்போது அவருடைய பயிற்சியாளர் ஜெலெஸ்னி. பழைய ஈட்டியின் சாதனைக்காரர், புதிய ஈட்டியின் சாதனைக்காரர் இருவரிடமும் பாடம் கேட்டவர் நீரஜ். தோஹாவில் முதலிடம் என்னவோ 91.06 எறிந்த ஜெர்மனியின் ஜூலியன் வெபருக்குத்தான்.

நம் பள்ளிகளில் மூங்கில் ஈட்டியில் எறிந்து பழகியவர்கள் நிறையப் பேர். ஒரு மூங்கில் மாதிரி இன்னொரு மூங்கில் இருக்காது. சமனாக நிற்கிற இடமும் கம்புக்குக் கம்பு மாறும். அதிலேயே பழகிய பையன் குறுவட்டப் போட்டியைத் தாண்டி மாவட்டத்துக்கு வந்து உலோக ஈட்டியைத் தொட்டதும், அது சட்டென்று மூக்கைக் கவிழ்ப்பதைப் பார்த்துத் திகைப்பான். தன் கையில்தான் குறை என்று நினைத்துக்கொள்வான்.

பள்ளிக்கு ஈட்டி வாங்கப் போகிற பி.டி. வாத்தியார்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். ஈட்டிகளில் 60, 70, 80 என்று மீட்டர் கணக்கு குறித்திருப்பார்கள். பெரிய எண் போட்டது பெரும்பாலும் விறைப்பானது. வேகமான கைக்குத்தான் அது மசியும். நாற்பது மீட்டர் எறிகிற பையனிடம் 80 மீட்டர் ஈட்டியைக் கொடுத்தால் தூரம் குறையும், தோளும் முழங்கையும் நோகும். 18 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கு எடை 700 கிராம், அதே வயதுச் சிறுமிகளுக்கு 500. எடையைப் பார்த்து வாங்குகிறவர்கள் அந்த மீட்டர் எண்ணையும் கடைக்காரரிடம் கேட்டு, குறைந்ததையே எடுக்கட்டும்.