ஒன்பது வருஷம் காத்திருந்த எண்

நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. புரோகிராம் அபத்தமான விடை ஒன்றைத் துப்பினால், அதை வடிகட்டிவிட்டு மேலே போய்விடுவோம். இழைக் கோட்பாட்டுக்காரர்களும் கிட்டத்தட்ட முப்பது வருஷம் அதையேதான் செய்தார்கள்.

1968-இல் வெனிசியானோவின் சூத்திரத்திலிருந்து தொடங்கிய ஸ்ட்ரிங் தியரியில், ஆரம்பத்திலேயே ஒரு வேண்டாத விருந்தாளி இருந்தது: டேக்கியான். அதன் நிறையின் வர்க்கம் எதிர்ம எண். ஒளியை மிஞ்சி ஓடும் துகள் என்று இதைச் சொல்வார்கள். உண்மையில் அது சொல்வது வேறு. ஓட்டுவீட்டு முகட்டில் பந்தை வைத்தால் நிற்காது, இல்லையா? எதிர்ம வர்க்கம் என்றால் நாம் முகட்டில் நின்று கணக்குப் போடுகிறோம் என்று பொருள்.

அப்படியானால் பந்து எங்கே போய் விழும்? விட்டன் 1986-இல் எழுதிய திறந்த இழைப் புலக் கோட்பாட்டை வைத்து, கோஸ்டெலெக்கியும் சாமுவேலும் 1990-இல் தேடினார்கள். முடிவில்லாத புலங்களில் சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிட்டுப் போட்ட கணக்கு அது. கீழே ஒரு பள்ளம் தெரிந்தது. ஆழமும் கிடைத்தது. ஆனால் அந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது?

1995-இல் ஜோசப் போல்சின்ஸ்கி டி-பிரேன்களை மையத்துக்குக் கொண்டுவந்தார். திறந்த இழைகளின் நுனிகள் ஒட்டிக்கொள்ளும் பரப்புகள் இவை. வெறும் எல்லைக்கோடுகள் அல்ல, தமக்கென்று ஆற்றல் உள்ள பொருட்கள். அலகாபாத்தில் மேத்தா ஆய்வு நிறுவனத்தில் (இன்றைய ஹரிஷ்-சந்திரா ஆய்வு நிறுவனம்) இருந்த அசோக் சென் இதைப் பிடித்துக்கொண்டார். டேக்கியான் கோட்பாட்டின் கோளாறு அல்ல, தான் ஒட்டியிருக்கும் பிரேன் நிலையற்றது என்பதற்கான அறிவிப்பு. பந்து உருண்டால் பிரேனே கரைந்துவிடும். எனவே பள்ளத்தின் ஆழம் பிரேனின் ஆற்றலுக்கு மிகச் சரியாகச் சமமாக இருக்க வேண்டும். அடியில் பிரேனும் இல்லை, அதில் ஒட்டத் திறந்த இழையும் இல்லை.

ஒரு எண்ணைப் பணயம் வைத்த ஊகம் இது. தப்பென்றால் உடனே தெரிந்துவிடும். 1999-இல் சென்னும் பார்ட்டன் ஸ்வீபாக்கும் பழைய பள்ளத்தை எடுத்து ஒப்பிட்டார்கள். டேக்கியானை மட்டும் வைத்தால் எதிர்பார்த்ததில் 68 சதவீதம். இன்னும் சில புலங்களைச் சேர்த்தால் 95. அடுத்த படியில் 98.6. மறு வருஷம் மொல்லரும் டெய்லரும் 99.9-க்குக் கொண்டுபோனார்கள்.

அப்புறம் ஒரு திடுக்கிடல். இன்னும் அதிகப் புலங்களைச் சேர்த்தபோது கணக்கு 100-ஐ லேசாகத் தாண்டிப் போனது. மறுபடி கீழிறங்கி 100-க்கே வரும் என்று கயோட்டோவும் ரஸ்டெல்லியும் காட்டினார்கள். ஆனால் அதுவும் இருக்கும் புள்ளிகளை வைத்து நீட்டிப் பார்த்ததுதான். 2005-இல் மார்ட்டின் ஷ்னாபல் எதையும் வெட்டாமல் சமன்பாட்டைத் துல்லியமாகத் தீர்த்தார். சென் சொன்னதே வந்தது.

பிரேனை எந்த ஆய்வகமும் பார்த்ததில்லை. இங்கே நிரூபணம் என்பது கோட்பாடு தன்னோடு தானே முரண்படவில்லை என்பது மட்டும்தான். ஆனாலும் 1990-இன் அந்த எண்ணை நினைத்துக்கொள்கிறேன். விடை ஏற்கெனவே தாளில் இருந்தது. கேள்வி வர ஒன்பது வருஷம் ஆனது.

பழைய போசானிக் கோட்பாட்டின் மூடிய இழைகளில் இன்னொரு டேக்கியான் உண்டு. அங்கே நிலையற்றது ஏதோ ஒரு பிரேன் அல்ல, வெளியேதான். அந்தப் பந்து எங்கே போய் விழும் என்பதற்கு இன்னும் எல்லோரும் ஒப்புக்கொண்ட விடை இல்லை.